வரி முடியும் இடம்

கணினியில் ஒரு கவிதையைத் தட்டச்சு செய்கிறோம். முதல் அடி முடிந்ததும் ‘என்டர்’ விசையை அழுத்துகிறோம். கர்சர் அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நின்று கண்சிமிட்டுகிறது. அந்தக் கணத்தில் கோப்புக்குள் என்ன எழுதப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. தாளில் எழுதிப் பழகிய கைக்கு வரியின் முடிவு வெற்றிடம்தான். அங்கே எழுத ஒன்றும் இல்லை. கணினிக்கு அப்படி ஒரு வெற்றிடம் கிடையாது. வரி முடிந்தது என்பதையும் அது ஓர் எழுத்தாகவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்து எது என்பதில்தான் கணினிகளுக்குள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒற்றுமை இல்லை.

விண்டோஸ் 13, 10 என்ற இரண்டு எண்களை அடுத்தடுத்து இடுகிறது. யூனிக்ஸும் அதன் வழிவந்த லினக்ஸும் 10 என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்திக்கொள்கின்றன. 2001க்கு முந்தைய மெக்கின்டாஷ் கணினிகள் 13 மட்டும் போதும் என்றிருந்தன. ஒன்றில் எழுதிய கோப்பை மற்றொன்றில் திறந்தால் வரிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நெடுவரியாக ஓடும். அல்லது ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘^எம்’ என்பது போல ஒரு விநோத வால் முளைத்திருக்கும்.

இலக்கியம் பேசுகிற இடத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். உரைநடை எழுதுகிறவருக்கு இது சில்லறைச் சிக்கல்தான். பொறியாளர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். கவிதைக்கு அப்படி விட முடியாது. ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணினிக்கும் தமிழ்க் கவிதை வந்த வழியில், வரியைக் காக்கும் பொறுப்பு யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதை இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தோம். அதன் விளைவே இக்கட்டுரை.

*

ஏன் இரண்டு எண்கள்? மந்தாரக்குப்பத்தில் இருந்துகொண்டு இதை விளக்குவது எளிது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்த அந்தச் சுரங்கத்தில் மண்ணை அகழும் பக்கெட் வீல் எந்திரத்தைப் படத்திலாவது பார்க்காதவர் குறைவு. பெரிய சக்கரம், அதன் விளிம்பைச் சுற்றிலும் வாளிகள், சக்கரத்தைத் தாங்கிய நீண்ட கை இடமிருந்து வலமாக மெல்ல வீசி மண்சுவரைச் சீவிக்கொண்டே போகும். ஓரம் வந்ததும் எந்திரம் சற்று முன்னே ஊரும். பிறகு வந்த வழியே வலமிருந்து இடமாகச் சீவத் தொடங்கும். பக்கவாட்டில் வீசுவது ஓர் அசைவு, முன்னே ஊர்வது வேறோர் அசைவு. ஒன்று நடக்கும்போது மற்றொன்று நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எழுதுவதற்கும் இந்த இரண்டு அசைவுகள் வேண்டும். பக்கத்தின் மறு ஓரத்துக்குத் திரும்புவது ஒன்று. அடுத்த வரிக்கு இறங்குவது மற்றொன்று. (பழங்காலக் கிரேக்கர்கள் கல்வெட்டுகளில் ஒரு வரியை இடமிருந்து வலமாகவும் அடுத்ததை வலமிருந்து இடமாகவும் வெட்டியதுண்டு, உழும் எருது திரும்புவதைப் போல என்று அதற்குப் பெயர். கவிதை வரியைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘வெர்சுஸ்’ என்பதற்கும் கலப்பை திரும்பும் திருப்பம் என்றுதான் மூலப் பொருள். ஏர் பிடித்தவன்தான் முதலில் வரி பிரித்தான் போலும்.) திரும்பாமலே எழுதத் தெரிந்தவர்களுக்கு முதல் அசைவு தேவைப்படவில்லை. எங்கள் ஊர் எந்திரத்துக்கும் அது தேவையில்லை. நமக்குத் தேவைப்படுகிறது.

தட்டச்சுப் பொறியில் இவ்விரண்டையும் ஒரே நெம்புகோல் செய்தது. இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பியைத் தள்ளினால், உருளை ஒரு வரி சுழலும். அதே தள்ளலில் தாளைத் தாங்கிய வண்டி தொடக்கத்துக்கு வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் போய் வாழ்ந்த ஆர். முத்தையா, தமிழுக்கென்று விசைப்பலகை வகுத்து ஜெர்மனியில் செய்வித்த பொறியிலும் இதே கதைதான். ஆனால் அவர் பொறியில் வேறொரு நுட்பம் இருந்தது. புள்ளி போன்ற குறிகளுக்கான விசையை அழுத்தினால் குறி தாளில் விழும், வண்டி நகராது. அதே இடத்தில் அடுத்த எழுத்து வந்து உட்காரும். ‘நகரா விசை’ என்று அதற்கு அழகான பெயர். எழுத்து வேறு, நகர்வு வேறு என்பதைத் தமிழ்த் தட்டச்சர்கள் விரல்நுனியில் அறிந்திருந்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

நெம்புகோலைத் தள்ளுவதற்கு மனிதர் எதிரில் இல்லாதபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. தந்தியில் எழுத்துகளை அச்சிட்டுத் தரும் பொறியை 1870களில் உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் எமில் பொதோவுக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. அவருடைய பொறி நீண்ட காகித நாடாவில் அச்சிட்டது. நாடாவுக்கு ஏது வரி? நாடாவை விட்டு, பக்கமாகத் தாளில் அச்சிட வேண்டும் என்றபோது, தொலைவில் இருக்கும் பொறியின் வண்டியை இங்கிருந்தே திருப்பவும் தாளை ஒரு வரி ஏற்றவும் கட்டளைகள் தேவைப்பட்டன. நியூசிலாந்துக்காரரான டொனால்ட் மர்ரே 1901இல் வகுத்த குறியீட்டில் எழுத்துகளோடு எழுத்துகளாக அவை இரண்டும் இடம்பெற்றன. வண்டி திரும்புக: கேரேஜ் ரிட்டர்ன். வரி நகர்க: லைன் ஃபீட். எழுத்து வரிசையில் ஒலியும் வடிவமும் இல்லாத இரண்டு குடிகள் அன்று குடியேறின.

இது அயல்நாட்டுக் கதை மட்டுமல்ல. சென்னை கிண்டியில் 1960இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் டெலிபிரின்டர்ஸ், இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்தோடு சேர்ந்து தொலைஅச்சுப் பொறிகளைச் செய்தது. செய்தி நிறுவனங்களின் ஆங்கிலச் செய்திகள் இத்தகைய பொறிகளின் வழியே இரவெல்லாம் கடகடவென்று இறங்க, தமிழ் நாளிதழ்களின் உதவி ஆசிரியர்கள் அவற்றைக் கிழித்துக் கிழித்து மொழிபெயர்த்த காலம் ஒன்று இருந்தது. அனுப்புகிறவர் ‘வரி நகர்க’ என்பதை மறந்தால் புதிய வரி பழைய வரியின் மேலேயே அச்சாகிக் கரிக்கோடாக வந்து சேரும். ‘வண்டி திரும்புக’ என்பதை மறந்தாலோ எழுத்துகள் வலது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குவியும்.

இரண்டும் தனித்தனிக் கட்டளைகளாக இருந்ததில் மற்றொரு வசதியும் இருந்தது. 1963இல் வந்த டெலிடைப் 33 என்ற பொறி நொடிக்குப் பத்து எழுத்துகள் அச்சிட்டது. வலது கோடியிலிருந்து வண்டி திரும்பி வர ஓர் எழுத்துக்கான நேரம் போதாது. பத்தில் ஒரு பங்கு நொடிக்கும் கூடுதலாகவே பிடிக்கும். திரும்பி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து வந்துவிட்டால் அது வழியிலேயே, நடுப்பக்கத்தில் எங்காவது விழும். ஆகவே முதலில் ‘திரும்புக’ என்று சொல்லிவிட்டு, அது திரும்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் ‘நகர்க’ என்பதை அனுப்பினார்கள். 13க்குப் பிறகு 10 என்ற வரிசை இலக்கணத்தால் வந்ததன்று; இரும்பு நகர்வதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தால் வந்தது.

*

அதே 1963இல் அமெரிக்கர்கள் வகுத்த ‘ஆஸ்கி’ குறியீட்டில்தான் இவ்விரண்டும் 13, 10 என்ற எண்களைப் பெற்றன. அதன்பின் நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தை 1960களின் நடுவில் கட்டியவர்கள், கோப்புக்குள் வண்டியும் உருளையும் எதற்கு என்று கேட்டார்கள். கோப்பில் ‘புதிய வரி’ என்று ஒரே குறி இருக்கட்டும். எந்தப் பொறியில் அச்சிடுகிறோமோ அந்தப் பொறிக்கு ஏற்றபடி அதை இரண்டாக்கி அனுப்பும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். 10 அந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் அந்த வழியில் வந்தது. கேரி கில்டால் 1974இல் எழுதிய சி.பி.எம். இயங்குதளம் (தொழிற்சங்கக் கொடிகள் பறக்கும் ஊரில் இருந்து எழுதுகிறோம், கட்சி நினைவுக்கு வந்தால் நாங்கள் பொறுப்பல்ல) பொறியின் வழக்கத்தையே பின்பற்றி இரண்டையும் வைத்துக்கொண்டது. 1981இல் வந்த எம்.எஸ்.டாஸ் அதைப் பின்பற்றியது. விண்டோஸ் டாஸைப் பின்பற்றியது. ஆப்பிள் நிறுவனம் 13ஐ மட்டும் எடுத்துக்கொண்டது. ஐ.பி.எம். பெருங்கணினிகளில் இவை எதுவும் அல்லாத தனிக்குறி ஒன்று.

எங்கள் பார்வையில் மல்டிக்ஸ்காரர்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. ‘இங்கே வரி முடிகிறது’ என்பது பிரதியைப் பற்றிய செய்தி. ‘வண்டியைத் திருப்பு’ என்பது ஒரு பொறிக்கு இடும் ஏவல். பிரதிக்குள் ஏவலை எழுதிவைப்பது, ‘பக்கம் புரட்டுவதற்கு முன் விரலை நனைத்துக்கொள்க’ என்று புறநானூற்றுக்குள் அச்சடிப்பதைப் போன்றது. ஆனால் வரலாற்றில் சரியான கேள்வி கேட்டவர்கள் வெல்வது கட்டாயமில்லை. அதிகமாக விற்றவர்களின் வழக்கம் நிலைத்தது.

*

இனி நம் பக்கம் வருவோம். ஓலைச்சுவடியில் வரி எங்கே முடிந்தது?

ஓலை முடிந்த இடத்தில் முடிந்தது. சொல்லின் நடுவே முடியலாம். சீரின் நடுவே முடியலாம். கயிறு கோக்கத் துளையிட்ட இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு, அதற்கு அப்பால் அதே சொல் தொடரலாம். பாட்டின் அடி முடிந்ததா என்று எழுத்தாணி பார்க்கவில்லை. புள்ளி இடுவது கூட வழக்கத்தில் இல்லாத எழுத்து அது. அடி பிரித்துக் காட்டும் ஆடம்பரத்துக்கு அதில் இடம் ஏது? பொதோவின் நாடாவும் நமது ஓலையும் இவ்வகையில் உறவினர்.

அப்படியானால் அடி எங்கே இருந்தது? யாப்பில் இருந்தது. ஆசிரியப்பா என்றால் அடிக்கு நான்கு சீர். நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தைய அடி மட்டும் மூன்று சீர். வெண்பா என்றால் கடைசி அடி தவிர மற்றவற்றில் நான்கு சீர். கடைசி அடியில் மூன்று, அதிலும் இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாகவே முடிய வேண்டும். பிற்காலப் பாக்களில் அடியெதுகை வேறு: அடியின் தொடக்கச் சொல்லில் இரண்டாம் எழுத்து ஒத்து வந்து, ‘இதோ புதிய அடி’ என்று காதில் சொல்லிவிடும். ஆங்கிலச் செய்யுளின் இயைபு அடியின் முடிவைச் சொல்கிறது. நமது எதுகை அடியின் தொடக்கத்தைச் சொல்கிறது. வேலை ஒன்றுதான். காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளைப் பாட்டு முடிந்ததற்கான குறி என்று ஒரு நிரலாளரிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். யூனிக்ஸ் மரபில் ஒவ்வொரு வரியின் இறுதியிலும், கடைசி வரி உட்பட, முடிவுக்குறி இருந்தே ஆக வேண்டும். இல்லாத இரண்டு கோப்புகளை ஒட்டினால் முன்னதன் கடைசி வரியும் பின்னதன் முதல் வரியும் ஒன்றாகிவிடும். நாம் அதை அந்தாதி என்று இரசித்திருப்போம்.

ஆக, வரி பிரியாத ஓலையைக் கையில் எடுத்தவர், யாப்பு அறிந்தவராக இருந்தால், பாட்டை அடி அடியாகவே படித்தார். அடியைச் சுமந்தது ஓலையன்று, செவி. அதனால்தான் சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் பதிப்பிக்க உட்கார்ந்தபோது, சிதைவும் பாடபேதமும், மூலம் எது உரை எது என்ற மயக்கமும் அவர்களை வதைத்த அளவுக்கு, அடி எங்கே முடிகிறது என்ற கேள்வி வதைக்கவில்லை. 1887இல் பிள்ளையவர்களின் கலித்தொகையும் ஐயரவர்களின் சீவக சிந்தாமணியும் அச்சாயின. நூற்றாண்டுக் கணக்கில் நாடாவாக ஓடிய பாடல்கள் தாளில் அடி அடியாக இறங்கி நின்றன. நாம் இன்று ‘சங்கப் பாடல்’ என்றதும் மனத்தில் காண்கிற அந்த இடப்பக்க ஒழுங்கும் வலப்பக்க மேடுபள்ளமும் சங்கத்துக்கு உரியவை அல்ல. அச்சுக்கூடத்துக்கு உரியவை.

அச்சு ஒரு வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் செவி அதை மெல்ல மறந்துவிடும். 1950களின் பிற்பகுதியிலிருந்து மர்ரே எஸ். ராஜம் செவ்விலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவாகப் பதிப்பித்தார். (தாம் நடத்திய நிறுவனத்தின் பெயரால் மர்ரே ராஜம் ஆனவர், தந்திக்கார மர்ரேக்கும் இவருக்கும் தொடர்பில்லை. வரி முடிவைப் பற்றி எழுத வந்த இடத்தில் இரண்டு மர்ரேக்கள் எதிர்ப்படுவது எங்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது.) சீர் பிரித்து அச்சிட்டால் ஓசை தெரியும், பொருள் மறையும், சொல் பிரித்து அச்சிட்டால் பொருள் தெரியும், ஓசை மறையும். பொது வாசகருக்காக ராஜம் பொருளின் பக்கம் நின்றார். அது பெருந்தொண்டு. அதே சமயம், அப்படிப் பிரித்த பின் அடியைத் தாங்கி நின்றது பெரும்பாலும் அச்சு வரி மட்டுமே என்பதும் உண்மை.

*

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். ந. பிச்சமூர்த்தி முதலானோரின் கவிதைகள் அதில் வந்தன. 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தது. புதுக்கவிதையைச் சுற்றி நடந்த சண்டைகள் இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்தவையே. உரைநடையை ஒடித்துப் போட்டால் கவிதையா என்ற ஏளனத்தை அன்று கேட்காதவர் இல்லை. அந்த ஏளனத்தில் ஓர் உண்மை இருந்தது: ஒடிப்பதுதான் இங்கே செயல். சீர் எண்ணிக்கை இல்லை, எதுகை இல்லை, காசும் பிறப்பும் இல்லை. வரி இங்கேதான் முடிகிறது என்பதற்குக் கவிஞனின் கையைத் தவிர வேறு சான்று கிடையாது. செவியிடமிருந்து அச்சுக்குப் போன பொறுப்பு இப்போது முழுக்கவும் தாளுக்கே வந்துவிட்டது.

நாங்களே இட்டுக்கட்டிய ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: நான் பார்க்கவில்லை அவனை கேட்டேன். ‘பார்க்கவில்லை’ என்ற சொல்லோடு வரி முடிந்தால், தான் பார்க்காத ஒன்றைப் பற்றி அவனிடம் விசாரித்ததாகப் பொருள். ‘அவனை’ என்பதோடு முடிந்தால், ஆளைக் காணவில்லை, குரல் மட்டும் காதில் விழுந்தது. தமிழில் இதற்கு ஒரு காவல் உண்டு. முதல் வாசிப்பில் ‘அவனைக் கேட்டேன்’ என்று ஒற்று மிகும்; இரண்டாவதில் வரி இடையே நிற்பதால் பலர் ஒற்று இடமாட்டார்கள். வல்லினம் மிகாத இடம் சில சமயம் அழிந்த வரிமுடிவின் தழும்பு. ஒற்று இடுவதில் கவிஞர்கள் கறாராக இருந்திருந்தால் இந்தத் தழும்பை நம்பலாம். நம் கவிஞர்களை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

*

இந்த நிலையில் கணினி வந்தது. 1998 பொங்கல் நாளன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று ‘மதுரைத் திட்டம்’ தொடங்கப்பட்டது. (நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி தொடங்கியதும் அதே ஆண்டுதான்.) பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தங்கள் தங்கள் கணினியில் தட்டச்சு செய்து அனுப்ப, பழந்தமிழ் நூல்கள் மின்னுரைகளாயின. முதல் வெளியீடு திருக்குறள். அன்று தமிழுக்கு ஒரே குறியேற்றம் கூட இல்லை. எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் இருந்தது. டிஸ்கி வந்தது, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் வந்தன, பிறகு யூனிகோட் எல்லாவற்றையும் தன்னுள் வாங்கிக்கொண்டது. அந்தப் பத்தாண்டுக் குறியேற்றப் பூசலில் ‘க’வுக்கு என்ன எண் என்பதே பெரும்பேச்சாக இருந்தது. வரிமுடிவுக்கு என்ன எண் என்று பேச யாருக்கும் பொழுதில்லை. அது தமிழ்ச் சிக்கலாகவும் தோன்றவில்லை.

மதுரைத் திட்டம் பெரிதும் மரபுப் பாக்களை எடுத்துக்கொண்டது நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும். குறளில் ஒரு வரிமுடிவு தொலைந்தால் என்ன? ஏழு சீர், நான்காவதில் ஒடித்துக்கொள்ளலாம். வரிமுடிவு எங்கெல்லாம் தொலையக்கூடும் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். கோப்பை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும் எஃப்.டி.பி.யில் உரை முறை, இரும முறை என இரண்டு. உரை முறை வழியிலேயே வரிமுடிவை மாற்றிக் கொடுக்கும். வலைப்பக்கத்தை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியோ 13, 10 இரண்டையுமே வெறும் இடைவெளியாகக் கருதிப் புறக்கணிக்கும். வரியை உடைக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு குறி எழுத வேண்டும்.

மின்னஞ்சல் இன்னும் கடுமை. அதில் ஒவ்வொரு வரியும் 13, 10 என முடிய வேண்டும். ஆங்கிலமல்லாத எழுத்துகளை அனுப்பும் ஒரு முறையில் வரி ஒவ்வொன்றும் 76 குறிகளுக்கு மிகக் கூடாது. இது எவ்வளவு சிறிய ஓலை என்று காட்ட எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்கிறோம். மந்தாரக்குப்பம் என்பதில் தொல்காப்பியர் கணக்குப்படி எழுத்து ஒன்பது. யூனிகோட் கணக்கில் அது பதினைந்து. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் நாற்பத்தைந்து பைட். அதை அந்த மின்னஞ்சல் முறையில் எழுதினால் நூற்று முப்பத்தைந்து குறி. ஓர் ஊர்ப் பெயர் ஒரு வரிக்குள் அடங்காமல் இரண்டாக உடைகிறது! உடைந்த இடத்தில் ஒரு சமக்குறி இட்டு, ‘இது மெய்யான வரிமுடிவு அன்று, ஒட்டிக்கொள்க’ என்று சொல்லி அனுப்புவார்கள். பெறுகிற மென்பொருள் ஒட்டத் தெரிந்ததாக இருந்தால் தப்பித்தோம். ஓலையின் துளையைத் தாண்டிச் சொல் தொடர்வதை ஏடு படிப்பவர் அறிந்திருந்தாரே, அந்த அறிவு இது.

எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் ஓர் எண் என்று புறப்பட்ட யூனிகோட், இந்தச் சண்டையையும் தீர்க்கப் பார்த்தது. 2028 என்ற எண்ணில் ‘வரி பிரிப்பான்’, 2029இல் ‘பத்தி பிரிப்பான்’ என்று இரண்டு புதிய குறிகளை வைத்தது. வரி வேறு பத்தி வேறு என்ற அந்தப் பகுப்பு, கவிதை வாசகர் கண்ணுக்கு மிகச் சரியானது. உலகம் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. இருந்த மூன்று வழக்கங்களோடு யாரும் பின்பற்றாத நான்காவதும் சேர்ந்தது, அவ்வளவுதான். சமரசம் வேறு வழியில் வந்தது. 2001இல் மேக் ஓ.எஸ். எக்ஸ் யூனிக்ஸ் அடித்தளத்துக்கு மாறியபோது ஆப்பிள் உலகமும் 10க்கு வந்து சேர்ந்தது. விண்டோஸின் நோட்பேட், 10 மட்டும் உள்ள கோப்பை வரி வரியாகக் காட்டக் கற்றுக்கொண்டது 2018இல். அதற்குள் இந்தியாவில் தந்திச் சேவையே 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டிருந்தது. வண்டியும் உருளையும் போய்விட்டன. ஒவ்வொரு மின்னஞ்சலிலும் ‘வண்டி திரும்புக’ என்ற ஏவல் மட்டும் இன்றும் வரிதோறும் போய்க்கொண்டிருக்கிறது.

*

இவை எல்லாம் மாறி மாறிப் பொருந்திக்கொண்டாலும், இடைக்காலத்தில் அழிந்தவை திரும்புவதில்லை. எங்களுக்கு இந்தப் பொருளில் ஈடுபாடு வந்ததே அப்படி ஒரு குறுந்தகட்டினால்தான். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, சில ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு கவிஞரின் தொகுப்பு அதில் இருந்தது. 1990களின் இறுதியில் ஓர் அச்சகத்தில் மெக்கின்டாஷ் கணினியில் தட்டச்சு செய்யப்பட்டு, நூலாகாமலே நின்றுபோன தொகுப்பு. கையெழுத்து நோட்டுகள் இப்போது இல்லை. அச்சகமும் இல்லை.

கோப்பைத் திறந்தால் ஒரே வரி. முதலில் நாங்கள் கலங்கவில்லை. பழைய மெக்கின்டாஷ் கோப்பு என்றால் 13 இருக்கும், அதை 10 ஆக்கினால் தீர்ந்தது. தேடினோம். 13 ஒன்றுகூட இல்லை, 10 ஒன்றுகூட இல்லை. நடந்ததை ஊகிப்பது கடினமன்று. இடையில் யாரோ இதை டாஸ் கோப்பு என்று கருதி, யூனிக்ஸுக்கு மாற்றுவதற்காக எல்லா 13களையும் நீக்கியிருக்கிறார்கள். டாஸ் கோப்பில் 13ஐ நீக்கினால் 10 எஞ்சும், வரி பிழைக்கும். மெக்கின்டாஷ் கோப்பில் 13ஐ நீக்கினால் எஞ்ச ஒன்றுமில்லை. அந்த ஒரு கட்டளை நொடிப்பொழுதில் முடிந்திருக்கும். பிழைச்செய்தி எதுவும் வந்திருக்காது. எழுத்து ஒன்றும் குறையவில்லையே.

தொகுப்பில் ஒன்பது வெண்பாக்கள் இருந்தன. ஓய்வுபெறும் தோழர்களுக்கு வாழ்த்தாக எழுதியவை. கவிதை என்ற வகையில் சுமாரானவை. ஒரு மாலை நேரத்தில் அலகிட்டு ஒன்பதையும் நிமிர்த்திவிட்டோம். பதினைந்து சீரை நான்கு, நான்கு, நான்கு, மூன்று எனப் பிரித்தால் எதுகையும் தனிச்சொல்லும் தத்தம் இடத்தில் வந்து நின்றன. ஐயத்துக்கு இடமே இல்லை.

புதுக்கவிதைகள் முப்பதுக்கும் மேல். அவற்றில்தான் அந்த மனிதர் இருந்தார். இரண்டாம் ஷிப்டு முடிந்து வரும்போது கன்வேயர் பெல்ட்டின் ஓசை வீடுவரை கூடவே வருவதைப் பற்றிய ஒரு கவிதையை எங்களில் இருவர் தனித்தனியாக வரி பிரித்துப் பார்த்தார்கள். ஒருவருடையதில் பதினொரு வரி, மற்றவருடையதில் பதினெட்டு. இரண்டும் நன்றாகவே இருந்தன என்பதுதான் சங்கடம். பதினொரு வரியில் அலுப்பு தெரிந்தது. பதினெட்டு வரியில் பயம் தெரிந்தது. அவர் எழுதியது அலுப்பா பயமா என்று சொல்லக்கூடிய ஒற்றை எண் ஒரு காலத்தில் அந்தக் கோப்பில் இருந்தது.

தொகுப்பை இப்போது அச்சுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். அந்தக் கவிதைகளை உரைநடை போல ஓடவிடுவது என்றும், வரிகள் அழிந்ததை ஒரு குறிப்பில் சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். பழைய சிற்றிதழ்களில் அவருடையது ஏதாவது கிடைத்தால் அதை மட்டும் வரி பிரித்துச் சேர்ப்போம். இதுவரை ஒன்று கிடைத்திருக்கிறது. ஏழு வரிக் கவிதை. மெய்ப்புப் பிரதியில் அதுவும், நான்கு நான்கு அடியாக நிற்கும் ஒன்பது வெண்பாக்களும் தவிர மற்றப் பக்கங்கள் எல்லாம் ஓரம் முதல் ஓரம் வரை நிறைந்திருக்கின்றன.